தறியும் தராசும்

நுழையும்முன்

அரசு ஒரு திட்டத்தை அறிவிக்கிறது, நிதி ஒதுக்குகிறது, பயனாளிகளின் எண்ணிக்கையை வெளியிடுகிறது. அத்திட்டம் எண்ணிய பயனைத் தந்ததா என்று ஆராய்வது யார் பொறுப்பு? ஆராய்ந்து கண்ட உண்மை, அடுத்த முடிவை எடுப்பவரின் கைக்குச் சென்று சேர்கிறதா? இக்கேள்விகளைக் காஞ்சிபுரத்து நெசவாளரின் தறியிலிருந்து தொடங்கி விளக்குகிறது இக்கட்டுரை.

சங்கத்தின் தராசு

காஞ்சிபுரத்தில் கூட்டுறவுச் சங்கத்திற்காக நெய்யும் நெசவாளர், சாயமேற்றிய பட்டையும் சரிகையையும் எடைபோட்டுப் பெற்றுச் செல்கிறார். வீட்டின் குழித்தறியில் அமர்ந்து பல நாள்கள் நெய்கிறார். கரை வேறு, உடல் வேறு நிறமாக இருப்பின் கோர்வை முறையில் மூன்று நாடாக்களைக் கொண்டு நெய்ய வேண்டும். அதற்குத் துணையாள் ஒருவரும் வேண்டும். நெய்து முடித்த சேலை சங்கத்திற்கு வருகிறது. அங்கே அது மீண்டும் தராசில் ஏறுகிறது. கொடுத்த பட்டின் எடைக்கும் வந்த சேலையின் எடைக்கும் கணக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கிறார்கள். பின்னர் சேலையை விரித்து, கரை நேராக அமைந்துள்ளதா, இழை அறுந்துள்ளதா, புட்டா இடம் மாறியுள்ளதா என்று ஆராய்கிறார்கள். அதன் பிறகே கூலி.

இந்த எளிய நடைமுறையில் இரண்டு வகையான சோதனைகள் உள்ளன. எடை பார்ப்பது, கொடுத்த பொருளுக்குக் கணக்குக் கேட்பது. விரித்துப் பார்ப்பது, செய்த வேலையின் தரத்தை அறிவது. மூன்றாவதாக ஒரு சோதனையும் இருக்கக்கூடும். அந்தச் சேலை யார் கைக்குச் சென்றது, வாங்கியவர் மனம் நிறைந்தாரா, நெய்தவரின் குடும்பம் அதனால் உயர்ந்ததா என்று கேட்பது அது. இதற்குச் சங்கத்துத் தராசு போதாது.

அரசின் திட்டங்களுக்கும் இம்மூன்று சோதனைகள் உண்டு. ஒதுக்கிய பணம் விதிப்படி செலவாயிற்றா என்று பார்ப்பது கணக்குத் தணிக்கை. பணி குறித்த காலத்தில், குறித்த அளவில் நடக்கிறதா என்று பார்ப்பது கண்காணிப்பு. திட்டத்தால் மக்கள் வாழ்வில் மாற்றம் ஏற்பட்டதா, ஏற்பட்டது எனில் எவ்வளவு, ஏற்படவில்லை எனில் ஏன் என்று ஆராய்வது கொள்கை மதிப்பீடு. முதலிரண்டும் அரசு அலுவலகங்களில் வேரூன்றியவை. மூன்றாவது இன்னும் தனக்குரிய இடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது.

கல்லில் எழுதிய விதி

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையில் வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த செய்தியை நாம் அவற்றிலிருந்து அறிகிறோம். அக்கல்வெட்டில் நம் பொருளுக்கு நெருக்கமான விதி ஒன்று உண்டு. முன்பு வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாது சென்றவர் மீண்டும் உறுப்பினராக இயலாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அத்தடை பொருந்தும். பணிக்காலம் 360 நாள்கள். அண்மைய மூன்றாண்டுகளுக்குள் பணியாற்றியவர் பெயர் குடத்தில் இடப்படுவதில்லை.

இம்முறையை இன்றைய மக்களாட்சியோடு ஒன்றாக எண்ணிவிடுதல் கூடாது. நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அச்சபையில் இடம் இருந்தது. ஆயினும் அவ்விதிகளின் உட்பொருள் கருதத்தக்கது. பொறுப்பை ஏற்றவர் விடை சொல்லக் கடமைப்பட்டவர். விடை சொல்லாமைக்கு விளைவு உண்டு. ஒருவரே தொடர்ந்து அதிகாரத்தில் இருத்தல் ஆகாது. ஒரு நிறுவனம் தன்னைத்தானே சோதித்துக்கொள்ள விரும்பினால், நல்லெண்ணம் மட்டும் போதாது, விதியும் வேண்டும் என்பதை அன்றைய சபையினர் உணர்ந்திருந்தனர்.

விடுதலை பெற்ற நாட்டின் முயற்சி

விடுதலைக்குப் பின் 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில், அத்திட்டத்தை மதிப்பிடுவதற்கெனத் திட்டக்குழுவின்கீழ்த் திட்ட மதிப்பீட்டு அமைப்பு உருவாயிற்று. திட்டத்தை நடத்தியவர்கள் வேறு, மதிப்பிட்டவர்கள் வேறு என்பது அதன் சிறப்பு. அத்திட்டத்தில் மக்கள் பங்கேற்பு எண்ணிய அளவில் அமையவில்லை என்பது மதிப்பீடுகளில் வெளிப்பட்டது. 1957 இல் பல்வந்தராய் மேத்தா குழு ஊராட்சி அமைப்புகளுக்கு அதிகாரம் வழங்கப் பரிந்துரைத்தது. ஒரு திட்டத்தின் குறையை அறிந்ததிலிருந்து ஒரு புதிய நிறுவனம் பிறந்ததற்கு இது சான்று.

ஆயினும் அந்த உயிர்ப்பு நீடிக்கவில்லை. துறைகள் பெருகின, திட்டங்கள் பெருகின. மதிப்பீட்டின் குரல் தணிந்தது. பிற்காலத்தில் தற்சார்பு மதிப்பீட்டு அலுவலகம் ஒன்று தோற்றுவிக்கப்பட்டது. அது, திட்டக்குழுவையே மாற்றியமைக்க வேண்டும் என்று 2014 இல் பரிந்துரைத்தது. அதே ஆண்டில் அவ்வலுவலகமும் மூடப்பட்டது. திட்டக்குழுவின் இடத்தில் 2015 சனவரி 1 அன்று நிதி ஆயோக் அமைந்தது. பழைய இரு மதிப்பீட்டு அமைப்புகளும் இணைந்து, 2015 இல் வளர்ச்சிக் கண்காணிப்பு மற்றும் மதிப்பீட்டு அலுவலகம் உருவாயிற்று.

தமிழ்நாட்டில் 1971 இல் மாநிலத் திட்டக்குழு அமைக்கப்பட்டது. மதிப்பீட்டிற்கெனத் தனியே மதிப்பீடு மற்றும் பயன்சார் ஆராய்ச்சித் துறையும் உண்டு. எனவே நம்மிடம் மதிப்பீட்டு அமைப்புகள் இல்லை என்பது குறையன்று. அவை, முடிவெடுக்கும் இடத்தோடு எவ்வாறு பிணைக்கப்பட்டுள்ளன என்பதே கேள்வி.

தெரிந்து தெளிவோம்

இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகள் சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 151 ஆவது பிரிவு கூறுகிறது. பொதுக் கணக்குக் குழு அவற்றை ஆராய்ந்து துறைகளிடம் விளக்கம் கேட்கிறது. துறைகள் மேற்கொள்ளும் மதிப்பீட்டு ஆய்வுகளுக்கு இத்தகைய அரசமைப்புக் கட்டாயம் இல்லை.

முதல் இடர்ப்பாடு: யார் மதிப்பிடுவது?

தறியில் அமர்ந்திருப்பவருக்கே தறியின் நுட்பம் தெரியும். ஆயினும் தாம் நெய்த சேலையின் குறையைத் தாமே சொல்லிக் கூலியைக் குறைத்துக்கொள்ள எவரும் எளிதில் முன்வரார். துறைக்கும் இது பொருந்தும். துறைக்குள் இருந்து மதிப்பிடுபவர்க்குத் தரவுகள் கிடைக்கும், நடைமுறை விளங்கும். ஆனால் மேலதிகாரியின் திட்டத்தைக் குறைகூறும் துணிவு வருவது அரிது. வெளியிலிருந்து மதிப்பிடுபவர்க்குத் துணிவு இருக்கும். ஆனால் கோப்புகள் திறக்கப்படா, களநிலை முழுதும் விளங்காது, சொல்வதைக் கேட்பாரும் குறைவு. நெருக்கமும் விலகலும் ஒருங்கே தேவைப்படுகின்றன. இம்முரணைத் தீர்ப்பதே நிறுவன வடிவமைப்பின் முதற்பணி.

இரண்டாம் இடர்ப்பாடு: எது குறிக்கோள்?

தமிழ்நாட்டில் 1983 இல் தொடங்கிய விலையில்லா வேட்டி சேலைத் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். பொங்கல் நாளில் ஏழை எளியோர்க்குப் புத்தாடை கிடைக்க வேண்டும் என்பது அதன் ஒரு நோக்கம். நெசவாளர்க்குத் தொடர்ந்து வேலை கிடைக்க வேண்டும் என்பது மற்றொன்று. ஆடைகளை மக்களிடம் வழங்கும் பொறுப்பு வருவாய்த் துறையைச் சார்ந்தது. உற்பத்தி செய்விக்கும் பொறுப்பு கைத்தறித் துறையைச் சார்ந்தது. காஞ்சிப் பட்டு இத்திட்டத்தில் இடம்பெறுவதில்லை எனினும், தமிழகத்து நெசவுத் தொழில் முழுமைக்கும் இது பெரிய திட்டம்.

ஆடைகள் பொங்கலுக்கு முன்பே மக்களைச் சென்றடைந்தால் ஒரு துறையின் கணக்கில் திட்டம் வென்றது. அவற்றை விரைந்து முடிக்க விசைத்தறியை மேன்மேலும் சார்ந்தால், கைத்தறி நெசவாளரின் வேலைநாள்கள் என்ன ஆகும்? ஒரு நோக்கம் நிறைவேறும்போதே மற்றொன்று தளரக்கூடும். இரு துறைகளும் தத்தம் பகுதியை மட்டும் அளந்தால், இரண்டு அறிக்கைகளும் வெற்றியையே கூறும். இடையில் நின்ற நெசவாளரைப் பற்றி எந்த அறிக்கையும் பேசாது. பல துறைகள் சேர்ந்து நடத்தும் திட்டத்தை, எல்லாவற்றையும் ஒருசேரப் பார்க்கும் அமைப்பே மதிப்பிட இயலும்.

மூன்றாம் இடர்ப்பாடு: எதை எண்ணுவது?

எளிதில் எண்ணக்கூடியதை எண்ணிவிட்டு அமைதியடைவது அலுவலக இயல்பு. ஒவ்வோர் ஆண்டும் மானியக் கோரிக்கையின்போது துறைகள் வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்புகளில் ஒதுக்கிய தொகை, விற்பனை மதிப்பு, பயனாளிகள் எண்ணிக்கை முதலியன இடம்பெறும். கூட்டுறவுச் சங்கங்களின் துணிகளுக்கு அரசு தள்ளுபடி மானியம் வழங்குகிறது. தள்ளுபடியால் விற்பனை எவ்வளவு நடந்தது என்பது கணக்கேட்டில் கிடைக்கும். அந்த விற்பனையால் நெசவாளரின் ஆண்டு வருவாய் உயர்ந்ததா என்பதற்கு, அவர் வீட்டு வாசலுக்குச் சென்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

1985 ஆம் ஆண்டின் கைத்தறி இரக ஒதுக்கீட்டுச் சட்டம், சேலை உள்ளிட்ட சில இரகங்களைக் கைத்தறிக்கென ஒதுக்கியது. காஞ்சிபுரம் பட்டு, புவிசார் குறியீடும் பெற்றது. எத்தனை தறிக்கூடங்கள் சோதனையிடப்பட்டன என்று எண்ணலாம். விசைத்தறிச் சேலை காஞ்சிப் பட்டின் பெயரில் விற்கப்படுவது குறைந்ததா என்று அறிவது அதனினும் கடினம். நெசவாளருக்கு வேண்டியது இரண்டாவது கேள்விக்கான விடையே.

நான்காம் இடர்ப்பாடு: எது காரணம்?

அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு 2009-10 இல் நாட்டில் 43.31 இலட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் இருப்பதாகக் கண்டது. 2019-20 இல் அவ்வெண்ணிக்கை 35.22 இலட்சமாயிற்று. இந்த வீழ்ச்சியைக் கண்டு, கைத்தறித் திட்டங்கள் யாவும் தோற்றன என்று ஒருவர் கூறலாம். திட்டங்கள் இல்லாதிருந்தால் வீழ்ச்சி இன்னும் பெரிதாயிருக்கும் என்று மற்றொருவர் வாதிடலாம். இளைஞர் நல்ல ஊதியமுள்ள வேறு பணிக்குச் சென்றனர், அது முன்னேற்றமே என்று மூன்றாமவர் சொல்லலாம். காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளை, திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைக்குச் செல்வது விருப்பத்தாலா, தறியில் வாழ இயலாமையாலா? வெறும் எண்ணிக்கை இதற்கு விடை தராது. பத்தாண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கு, இடையில் நிகழ்ந்ததையும் காட்டாது.

இவ்விடர்ப்பாட்டைத் தமிழ்நாடு முன்பே கண்டிருக்கிறது. 1980 இல் உலக வங்கி உதவியுடன் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இங்குத் தொடங்கப்பட்டது. கண்காணிப்பும் மதிப்பீடும் தொடக்கத்திலேயே அதனுள் இணைக்கப்பட்டிருந்தன. 1982 இல் சத்துணவுத் திட்டம் மாநிலம் முழுவதும் வந்தது. குழந்தைகளின் உடல்நலத்தில் மேம்பாடு தெரிந்தபோது, அதில் எத்திட்டத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது அரிதாயிற்று. மக்களுக்கு நன்மை செய்யும் திட்டத்தை ஆய்வின் வசதிக்காக நிறுத்திவைக்க இயலாது. எனவே, ஒப்பிட்டுப் பார்க்கும் வழியைத் திட்டம் தொடங்கும் முன்பே சிந்தித்து அமைக்க வேண்டும்.

ஐந்தாம் இடர்ப்பாடு: காலமும் அச்சமும்

நிதிநிலை அறிக்கைக்கு ஓராண்டுச் சுழற்சி. ஆட்சிக்கு ஐந்தாண்டுச் சுழற்சி. ஒரு நல்ல ஆய்வுக்கோ சில ஆண்டுகள் தேவை. ஆய்வு முடிந்து அறிக்கை வரும்போது, அதைக் கேட்ட அலுவலர் வேறு துறைக்கு மாறியிருப்பார். புதிதாக வந்தவர்க்கு அது யாரோ கேட்ட கேள்விக்கு யாரோ சொன்ன விடை. அறிக்கை அலமாரிக்குச் செல்கிறது.

கரையில் தவறு நேர்வதை, சேலை தறியில் இருக்கும்போதே கண்டால் சில இழைகளைப் பிரித்துத் திருத்திவிடலாம். அறுத்தெடுத்து மடித்த பின்னர்க் கண்டால் விலையைக் குறைக்கலாமேயன்றித் திருத்த இயலாது. காலந்தாழ்ந்த மதிப்பீடும் அத்தகையதே.

அச்சம் இதனினும் பெரிய தடை. திட்டத்தின் குறை வெளிப்பட்டால் அது மேடைகளில் குற்றச்சாட்டாக மாறும், பொறுப்பிலிருந்தவரின் பெயர் கெடும் என்ற அச்சம், ஆய்வையே தவிர்க்கத் தூண்டுகிறது. கருவூலத்தில் கைவைத்தவரின் குற்றமும், நன்னோக்கத்தோடு முயன்று எண்ணிய பயன் காணாதவரின் பிழையும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே குரலில் ஏசும் சமூகத்தில் எவரும் உண்மையை எழுதத் துணியார். மதிப்பீடு வேரூன்ற வேண்டுமெனில் அரசு மட்டுமன்றி, அதைப் பற்றிப் பேசும் நாமும் மாற வேண்டும்.

வழிகாட்டும் முயற்சிகள்

கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் நெடுநாள் மூடப்பட்டிருந்தன. மாணவரின் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021 இல் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கிற்று. தமிழ்நாட்டின் ஊரகப் பகுதிகளில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள், 2019 இல் எடுத்த தரவுகளோடு ஒப்பிட்டனர். பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் இழப்பின் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகியிருந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழக் கால் பங்கு இத்திட்டத்தால் விளைந்தது என்று அவர்கள் கணித்தனர். முழுப் பெருமையையும் திட்டத்திற்குத் தராமல், பயனே இல்லை என்றும் தள்ளாமல், அதன் பங்கை அளந்து கூறியதே இந்த ஆய்வின் மதிப்பு. பழைய தரவு கையில் இருந்தமையால் அது இயன்றது.

உலக அரங்கில் மெக்சிகோ நாடு நோக்கத்தக்கது. அங்கு 1997 இல் ஏழைக் குடும்பங்களுக்குப் பணவுதவி அளிக்கும் புரோகிரேசா என்னும் திட்டம் தொடங்கியது. சில ஊர்களில் முதலிலும் சிலவற்றில் பின்னரும் நடைமுறைப்படுத்தி, வேறுபாட்டை ஆராய்ந்தனர். 2000 இல் ஆட்சி மாறியது. பயன் மெய்ப்பிக்கப்பட்டிருந்ததால் புதிய அரசு அத்திட்டத்தைக் கைவிடாமல், வேறு பெயரில் விரிவாக்கிற்று. 2004 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சமூகத் திட்டங்களை மதிப்பிடத் தனி அமைப்பும் அங்கு ஏற்பட்டது. ஆனால் 2025 இல் அவ்வமைப்பு கலைக்கப்பட்டு, அதன் பணிகள் நாட்டின் புள்ளியியல் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டன. சட்டத்தால் நிறுவப்பட்ட அமைப்பும் மக்களின் ஆதரவு இன்றேல் நிலைப்பது உறுதியன்று என்பது இதனால் விளங்கும்.

செய்ய வேண்டுவன

இவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். திட்டத்தை வடிவமைக்கும்போதே அதை மதிப்பிடும் முறையையும் அதற்கான நிதியையும் வகுத்தல் வேண்டும். திட்டம் தொடங்கும் முன் உள்ள நிலையைப் பதிவு செய்தல் வேண்டும். மதிப்பிடுவோர்க்குத் தரவுகளைப் பெறும் உரிமையும், கண்டதைக் கூறும் பாதுகாப்பும் தேவை. அறிக்கைகள் குறித்த காலத்திற்குள் வெளியாக வேண்டும். பரிந்துரையை ஏற்கிறதா, மறுக்கிறதா, ஏன் என்று துறை எழுத்தில் விடை தர வேண்டும். மறுப்பதற்கும் அரசுக்கு உரிமை உண்டு. காரணம் கூறாமல் இருப்பதற்குத்தான் உரிமை இல்லை.

பயனாளியின் குரலுக்கும் இடம் வேண்டும். மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்கீழ்க் கிராம சபையில் சமூகத் தணிக்கை நடத்தும் முறை ஏற்பட்டது. வேலை செய்தவரே வேலையின் கணக்கைக் கேட்க அது வழி செய்தது. நெசவாளர்க்கான திட்டங்களிலும், தறியில் அமர்பவரையும், பாவு ஓட்டி நூல் சுற்றித் துணைநிற்கும் பெண்களையும் கேட்காமல் எழுதும் அறிக்கை நிறைவுடையதாகாது.

காஞ்சிபுரத்துச் சங்கத்தில் ஒரு சேலை தராசில் ஏறும்போது, நெசவாளர் அருகிலேயே நிற்கிறார். முள் எங்கு நிற்கிறது என்பதை அவரும் பார்க்கிறார், எடை பார்ப்பவரும் பார்க்கிறார். குறை இருந்தால் இருவர் கண்முன்னும் விரிக்கப்படுகிறது. அடுத்த சேலையில் அது திருத்தப்படுகிறது. அரசின் திட்டங்களும் மக்கள் கண்முன் இவ்வாறு எடைபோடப்படும் நாளில், வரிப்பணத்தின் ஒவ்வோர் இழையும் யாரைச் சென்றடைந்தது என்பது தெளிவாகும். அன்று நெசவாளர் வீட்டுப் பிள்ளை தறியைத் தேர்ந்தாலும் தொழிற்சாலையைத் தேர்ந்தாலும், அத்தேர்வு வறுமையின் கட்டாயமாக இராது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நடைமுறையில் உள்ள அரசுத் திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் நோக்கங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் நிறைவேறியதை எவ்வாறு அறியலாம் என வகுப்பில் கலந்துரையாடுக.

2. அத்திட்டத்தின் பயனாளிகள் ஐவரை நேர்கண்டு, அவர்கள் கூறும் நிறைகுறைகளை ஒருபக்க அறிக்கையாக எழுதுக.

3. 'குறையைச் சொல்வது குற்றம் சாட்டுவதாகுமா?' என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.

வினாக்கள்

குறுவினா: கணக்குத் தணிக்கை, கண்காணிப்பு, மதிப்பீடு ஆகியவற்றை வேறுபடுத்துக.

சிறுவினா: இரு நோக்கங்களைக் கொண்ட திட்டத்தை மதிப்பிடுவதில் எழும் சிக்கலை வேட்டி சேலைத் திட்டத்தின்வழி விளக்குக.

நெடுவினா: அரசு அமைப்பினுள் கொள்கை மதிப்பீடு வேரூன்றுவதற்குத் தடையாக உள்ளவற்றையும், அவற்றைக் கடக்கும் வழிகளையும் தொகுத்தெழுதுக.